எந்த ஊர்க் கோர்ட்டு, என்ன பாதிப்பு? பிரிட்டன் தமிழ்க் குடும்பப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ ஒரு கல்யாணம் முறிந்தால், சொலிசிட்டருக்கு முன்னால் போன் வருவது உங்களுக்குத்தான். பெரியப்பா, சித்தி, தாய்மாமன், கோயில் சபைச் செயலாளர், பழைய மாணவர் சங்கத் தலைவர் என யாராக இருந்தாலும், இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர் நீங்கள். நகை எந்த வீட்டில் இருக்கிறது, பிள்ளை சனிக்கிழமை யாரோடு இருக்கும் என்பதையெல்லாம் பேசித் தீர்த்த அனுபவம் உங்களுக்கு உண்டு. இப்போது அந்தப் பேச்சில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: "எங்களைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டார்கள், மானநஷ்ட வழக்குப் போடப் போகிறோம்." கேட்டவுடன் "போடு, அப்பதான் அடங்குவினம்" என்று சொல்வதும், "வேண்டாம், விடு" என்று அடக்குவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. இந்த மடல் உங்களுக்கு எழுதப்படுவது அதனால்தான்.

அப்படிக் கேட்டதும் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியவை இரண்டு. இந்த வழக்கைக் கேட்கும் அதிகாரம் லண்டன் நீதிமன்றத்துக்கு இருக்கிறதா? அந்தச் சொல்லால் பெயருக்குக் கடுமையான பாதிப்பு உண்மையிலேயே வந்ததா? இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2013ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் முதல் பிரிவு பாதிப்பைப் பற்றியது, ஒன்பதாம் பிரிவு அதிகார வரம்பைப் பற்றியது. குடும்பச் சண்டையிலிருந்து பிறக்கும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் முட்டி நிற்கக்கூடியவை. அது தெரியாமல் வழக்கறிஞர் கடிதங்களுக்குக் காசைக் கொட்டுவது வீண்செலவு. அந்தக் கடிதத்தைக் காட்டி ஒருவரை மிரட்டுவது அதைவிடப் பெரிய தவறு.

முதலில் பாதிப்பு. இந்தச் சட்டத்துக்கு முன்பு, எழுதப்பட்ட அவதூறு என்றால் பாதிப்பு வந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வழக்குத் தொடுத்தவர் அதை மெய்ப்பிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. முதல் பிரிவு அந்தப் பழைய வழக்கத்தை மாற்றியது. ஒரு கூற்று வெளியானதால் ஒருவரின் நற்பெயருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது ஏற்படக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தின் பார்வையில் அது அவதூறே ஆகாது. ஆனால் இதற்கு என்ன பொருள் என்பதில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது ஒரு குடும்பச் சண்டைதான்.

துபாயில் வாழ்ந்த ஒரு பிரெஞ்சு விமானத் துறைப் பொறியாளர், அவருடைய பிரிட்டிஷ் மனைவி. கல்யாணம் முறிந்தது. அமீரகத்து நீதிமன்றத்தில் விவாகரத்து, மகன் யாரிடம் வளர்வது என்ற பிணக்கு, ஒருவர் மேல் ஒருவர் குற்றச்சாட்டு. 2014இன் தொடக்கத்தில் இண்டிபெண்டன்ட், ஐ, ஈவினிங் ஸ்டாண்டர்ட் ஆகிய லண்டன் பத்திரிகைகள் மனைவியின் தரப்பை வைத்துக் கட்டுரைகள் வெளியிட்டன. அவர் மனைவியைக் கொடுமைப்படுத்தியவர் என்று அவற்றைப் படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். அவர் மனைவி மேல் வழக்குப் போடவில்லை, பத்திரிகைகள் மேல் போட்டார். அது உயர் நீதிமன்றத்தில் தொடங்கி, மேல்முறையீட்டு நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஜூன் 12 அன்று சம்ப்ஷன் பிரபு எழுதிய தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பின் சாரத்தை ஒவ்வொரு குடும்பப் பெரியவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சொன்ன சொல் எவ்வளவு மோசமானது என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தச் சொல் யார் யாரிடம் போய்ச் சேர்ந்தது, அவர்கள் அவரை அறிந்தவர்களா, இனி அறியக்கூடியவர்களா, படித்த பிறகு அவரைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்பதையெல்லாம் நடந்தவற்றை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பொறியாளர் வழக்கில் கட்டுரைகள் பெரும் எண்ணிக்கையில் வெளியாகியிருந்தன. பிரிட்டனில் அவரை அறிந்த குறைந்தது ஒருவராவது படித்திருந்தார். குற்றச்சாட்டும் பாரதூரமானது. இவற்றைச் சேர்த்துப் பார்த்துக் கடுமையான பாதிப்பு உண்டு என்று கீழ் நீதிமன்றம் வந்திருந்த முடிவு நிலைத்தது. ஒவ்வொரு வாசகரையும் கூண்டில் ஏற்றத் தேவையில்லை, சூழ்நிலையிலிருந்து ஊகிக்கலாம். ஆனால் ஊகிப்பதற்கும் உண்மையான தகவல்கள் வேண்டும்.

அந்த இருவரின் பெயரும் சட்டப் புத்தகங்களில் அச்சாகி நிற்கிறது. இங்கே அது தேவையில்லை. ஒரு வீட்டின் முறிவு ஒரு நாட்டின் சட்டத்துக்கு மேற்கோளாகிவிட்டது. அந்தப் பிள்ளை வளர்ந்து அதைப் படிக்கும் நாளும் வரும். வழக்குப் போடச் சொல்லும் முன் அதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

நம் வீடுகளில் "மானம் போச்சு" என்று சொல்லும்போது அதில் பல வேறு காயங்கள் கலந்திருக்கின்றன. மனம் நொந்தது ஒன்று. கோயிலில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை என்பது இன்னொன்று. மகளுக்குப் பேசி வைத்த சம்பந்தம் கைவிட்டுப் போனது வேறொன்று. முதல் பிரிவு பார்ப்பது நற்பெயரை. மனம் எவ்வளவு நொந்தாலும் அது மட்டும் போதாது என்பதை 2014இல் சண்டே மிரர் மீதான வழக்கிலேயே நீதிபதி பீன் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதே வழக்கில் இன்னொன்றும் நடந்தது. பத்திரிகை விரைவாகவே மன்னிப்பு வெளியிட்டிருந்தது. அதனால் கடுமையான பாதிப்பு இல்லை என்று வழக்குத் தோற்றது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தவறாக எழுதிய மைத்துனரை அடுத்த நாளே அதே குழுவில் "நான் சொன்னது பிழை, மன்னியுங்கோ" என்று எழுத வைக்கும் பெரியவர், நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஒரு காரியத்தைத்தான் செய்கிறார். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் வைத்து, சின்ன வட்டத்தில் சொன்ன பொய்க்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தலைகளை எண்ணிப் பாதிப்பை அளப்பதில்லை. 2017இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் ஒரு தேவாலய உறுப்பினர் கூட்டத்தில் பேசப்பட்ட சொல்லைப் பற்றித் தீர்ப்பளித்தது. ஒருவர் தன்னைக் கொலை செய்வதாக மிரட்டினார் என்று ஒரு பெண் கூட்டத்தில் சொல்லியிருந்தார். கேட்டவர்கள் அந்தச் சபையினர் மட்டுமே. ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாழ்க்கையே அந்தச் சபையைச் சுற்றித்தான் இருந்தது. கடுமையான பாதிப்பு உண்டு என்று நீதிபதி நிக்லின் முடிவு செய்தார். குடும்பக் குழுக்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு இல்லை. ஆயிரம் அந்நியர் படிப்பதைவிட, பெண் கொடுக்கப் போகும் ஒரே ஒரு வீட்டார் படிப்பது அதிகம் பாதிக்கலாம். அப்படி நடந்திருந்தால் அதைச் சான்றோடு காட்ட முடியும்: பேச்சு எந்தத் தேதியில் தொடங்கியது, சாதகம் எப்போது பார்த்தார்கள், எந்தச் செய்திக்குப் பிறகு "கொஞ்சம் பொறுப்பம்" என்று சொன்னார்கள், யார் என்ன காரணம் சொன்னார்கள். அந்தத் தகவல் இல்லாமல் "ஊரே சிரிக்குது" என்று மட்டும் சொன்னால் நீதிமன்றத்தில் எடுபடாது.

சொந்தச் சமூகத்துக்குள் விழும் அடி எப்படிப்பட்டது என்பதற்கு லண்டன் தமிழர் யாரும் மறக்க முடியாத ஒரு சான்று உண்டு. 2009இல் ஈழப்போரை நிறுத்தக் கோரி நாடாளுமன்றச் சதுக்கத்தில் பரமேஸ்வரன் சுப்பிரமணியம் உண்ணாவிரதம் இருந்தார். அவர் ரகசியமாகப் பர்கர் சாப்பிட்டார் என்று அதே ஆண்டில் டெய்லி மெயிலும் சன் பத்திரிகையும் எழுதின. அது பொய். 2010இல் இரு பத்திரிகைகளும் மன்னிப்புக் கேட்டு, சேர்த்து 77,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தன. அது 2013 சட்டத்துக்கு முந்தியது, குடும்ப வழக்கும் இல்லை. ஆனால் அந்தப் பொய்யின் முழு எடையும் விழுந்தது அவர் எந்த மக்களுக்காகப் பசியோடு உட்கார்ந்தாரோ அந்த மக்களிடையே அவருக்கு இருந்த பெயர் மேல்தான். இன்றைய சட்டத்தின் கீழ் வந்திருந்தாலும் அவர் தன் பாதிப்பைக் காட்டியிருக்க முடியும் என்றே தோன்றுகிறது.

இனி அதிகார வரம்பு. நம் குடும்பங்கள் பல நாடுகளில் பரந்து கிடப்பதால் இதைக் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். கணவன் வெம்ப்ளியில். பிரிந்துபோன மனைவி குரோய்டனில், ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கணவனின் அக்கா டொரண்டோவில். அறுபது பேர் கொண்ட குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாதிக்கு மேல் கனடாக்காரர், மிச்சம் பாரிஸிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும், இங்கிலாந்தில் எட்டுப் பேர். ஓர் இரவு அக்கா எழுதுகிறார்: "எங்கட தம்பியின்ர காசைக் களவெடுத்துக்கொண்டு போனவள் அவள்." குரோய்டன் பெண் லண்டனில் வழக்குப் போடலாமா?

ஒன்பதாம் பிரிவு இங்கேதான் வருகிறது. எதிராளி ஐக்கிய இராச்சியத்தில் குடியிருப்பவராக இல்லாவிட்டால், அந்தக் கூற்று வெளியான எல்லா இடங்களிலும் இங்கிலாந்தும் வேல்ஸுமே வழக்குக்கு மிகப் பொருத்தமான இடம் என்பது ஐயமின்றித் தெரிந்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்கும். அதைக் காட்டும் பொறுப்பு வழக்குத் தொடுப்பவருடையது. எங்கே எத்தனை பேர் படித்தார்கள், வழக்குத் தொடுப்பவரின் பெயர் எங்கே வாழ்கிறது, பாதிப்பு எங்கே விழுந்தது, சாட்சிகள் எங்கே, வேறொரு நாட்டு நீதிமன்றத்தில் அவருக்கு நியாயம் கிடைக்க வழியுண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். சட்டத்தோடு வெளியான விளக்கக் குறிப்பே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது: ஆஸ்திரேலியாவில் 1,00,000 தடவையும் இங்கிலாந்தில் 5,000 தடவையும் வெளியான ஒன்றுக்கு ஆஸ்திரேலியாவே பொருத்தம் என்று சொல்ல வலுவான அடிப்படை உண்டு. குரோய்டன் பெண்ணுக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அவர் வேலையும் சிநேகிதர்களும் பெயரும் இங்கேதான். ஆனால் படித்தவர்களில் பெரும்பாலோர் கனடாவில். முடிவு எந்தப் பக்கமும் போகலாம். அதே வரியை வெம்ப்ளித் தம்பியே எழுதியிருந்தால் இந்தப் பிரிவு குறுக்கே வராது. யார் எழுதியது, அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதே முதல் கேள்வி. எழுதப்பட்டவர் எங்கே அழுதார் என்பது பிறகு.

துபாய்ப் பொறியாளர் லண்டனில் வழக்கு நடத்த முடிந்ததும் இதனால்தான். கல்யாண வாழ்க்கை, விவாகரத்து, பிள்ளை எல்லாம் அமீரகத்தில் இருந்தாலும், வெளியிட்ட பத்திரிகைகள் லண்டன் பத்திரிகைகள். அதே செய்தியை அமீரகத்தில் குடியிருக்கும் ஒருவர் வெளியிட்டிருந்து, அவர் மேல் லண்டனில் வழக்குப் போட முயன்றிருந்தால், முதலில் ஒன்பதாம் பிரிவைத் தாண்டியாக வேண்டியிருந்திருக்கும்.

இந்தக் கட்டுப்பாடு எதற்காக வந்தது என்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. ரேச்சல் எரன்ஃபெல்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் பயங்கரவாதத்துக்கு நிதி போவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது இங்கிலாந்தில் வெளியிடப்படவில்லை. இணையம் வழியாக 23 பிரதிகள் மட்டும் இங்கே வந்து சேர்ந்தன. அதை வைத்து ஒரு சவூதி தொழிலதிபர் லண்டனில் வழக்குப் போட்டு 2005இல் வென்றார். அமெரிக்காவில் அது பெரும் கோபத்தைக் கிளப்பியது. 2008இல் நியூயார்க் மாநிலமும் 2010இல் அமெரிக்கக் காங்கிரஸும், தங்கள் பேச்சுரிமைக்குப் பொருந்தாத வெளிநாட்டு அவதூறுத் தீர்ப்புகளை அங்கே செல்லாதவையாக்கச் சட்டம் இயற்றின. நியூஜெர்சியில் இருக்கும் மாமா மேல் லண்டனில் ஒரு தீர்ப்பு வாங்கினாலும் அதை அங்கே கொண்டுபோய் வசூலிப்பது எவ்வளவு கடினம் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஒன்பதாம் பிரிவை நீதிமன்றங்கள் ஒப்புக்கு வைத்திருக்கவில்லை. பிட்காயினைக் கண்டுபிடித்தவர் தானே என்று சொல்லிக்கொண்ட கிரேக் ரைட் இங்கிலாந்தில் குடியிருந்துகொண்டு, வெளிநாட்டில் வாழும் ரோஜர் வெர் மேல் லண்டனில் வழக்குப் போட்டார். வழக்குத் தொடுப்பவர் இங்கே வாழ்கிறார் என்பது மட்டும் போதாது என்று 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. கனடா உச்ச நீதிமன்றமும் 2018இல் இதே திசையில் போயிருக்கிறது. இஸ்ரேலியப் பத்திரிகையான ஹாரெட்ஸ் மேல் ஒரு கனடாத் தொழிலதிபர் ஒன்டாரியோவில் போட்ட வழக்கு அது. கனடாவில் படித்தவர்கள் சில நூறு பேர், இஸ்ரேலில் பல்லாயிரம் பேர். இஸ்ரேலில்தான் வழக்கு நடக்க வேண்டும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது.

பாரிஸிலும் ஜெர்மனியிலும் உறவுகள் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குடியிருப்பவர்களுக்கு முன்பு ஒன்பதாம் பிரிவு பொருந்தாது, ஐரோப்பிய விதிகள் தனியாக இருந்தன. 2020 டிசம்பர் 31உடன் பிரெக்ஸிட் இடைக்காலம் முடிந்தது. அதன் பிறகு பாரிஸின் லா ஷப்பலில் இருக்கும் சித்தப்பாவும் டொரண்டோ அக்காவும் இந்த விதிக்கு முன் ஒன்றுதான். நாடுகளுக்கிடையே தீர்ப்புகளை ஏற்பதற்கான 2019 ஹேக் உடன்படிக்கை பிரிட்டனுக்கு 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அவதூறு அதில் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கிறது. ஆகவே லண்டனில் வாங்கும் அவதூறுத் தீர்ப்பை அந்த உடன்படிக்கையை வைத்துப் பாரிஸில் நிறைவேற்ற முடியாது.

"அப்ப ஊரில போடுவம்" என்று சிலர் சொல்வார்கள். ஊர் என்று எதைச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் அவதூறு இன்னும் குற்றம். 2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்க இடம் தருகிறது. அங்கே ‘கடுமையான பாதிப்பு’ என்ற இந்த வரம்பு கிடையாது. இலங்கை 2002இலேயே குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டது. அங்கே மிஞ்சியிருப்பது ரோம டச்சுச் சட்டத்தின் வழியே வந்த சிவில் வழக்குத்தான். ஒரே குடும்பம், ஒரே வரி, ஆனால் சென்னையில் குற்றம், யாழ்ப்பாணத்தில் சிவில் பிணக்கு, லண்டனில் பாதிப்பைக் காட்டினால்தான் வழக்கு. பிரிட்டனுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஸ்காட்லாந்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடுமையான பாதிப்பு விதி இருக்கிறது, வட அயர்லாந்தின் 2022 சட்டத்தில் இல்லை. எந்த நாட்டில் எதிராளிக்கு அதிகத் தொல்லை என்று தேடி, அங்கே புகார் கொடுக்கச் சொல்லும் யோசனை உங்கள் காதுக்கு வந்தால், தயவுசெய்து அதற்குத் துணை போகாதீர்கள். லண்டனில் வளர்ந்த பெண்ணைத் தமிழ்நாட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வாய்தா அலைய வைப்பதில் நியாயம் தேடும் நோக்கம் இல்லை.

சரி, பெரியவர்களாகிய நீங்கள் என்ன பேசலாம், யாரிடம் பேசலாம்? மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துச் சொல்லச் சொல்வார்கள். தெரிந்ததைச் சொன்னால் அவதூறாகிவிடுமோ என்ற பயம் நியாயமானதே. ஆங்கிலச் சட்டம் இதற்கு நீண்ட காலமாகவே இடம் விட்டிருக்கிறது. 1837இல் ஒரு மருமகன், மறுமணம் செய்யவிருந்த தன் மாமியாருக்கு, அவர் கட்டிக்கொள்ளப் போகிறவரைப் பற்றி எச்சரித்துக் கடிதம் எழுதினார். அதில் கடுமையான குற்றச்சாட்டுகள் இருந்தன. நல்லெண்ணத்தோடு, கேட்க வேண்டியவருக்கு எழுதியது என்பதால் அந்தக் கடிதத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. கெட்ட நோக்கம் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அதே விதி எங்கே முடிகிறது என்பதை இன்னொரு வழக்கு காட்டுகிறது. மொராக்கோவின் காசாபிளாங்காவில் வேலை பார்த்த ஒருவரின் ஒழுக்கத்தைப் பற்றி அங்கிருந்த மேலாளர் லண்டனில் இருந்த நிறுவன இயக்குநருக்குக் கடிதம் எழுதினார். இயக்குநர் அதை நிறுவனத் தலைவரிடம் காட்டினார். பிறகு, குற்றஞ்சாட்டப்பட்டவரின் மனைவியிடமும் காட்டினார். மனைவி விவாகரத்துக்குப் போய்விட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் தலைவரிடம் காட்டியதற்குப் பாதுகாப்புத் தந்தது, மனைவியிடம் காட்டியதற்குத் தரவில்லை. சொல்ல வேண்டிய கடமை சொல்பவருக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. பெண்ணின் அப்பா உங்களிடம் தனியாகக் கேட்கும்போது, நீங்கள் உண்மையென்று நம்புவதைத் தனியாகச் சொல்வது ஒன்று. அதையே அறுபது பேர் குழுவில் போடுவது முற்றிலும் வேறு. மொட்டைக் கடுதாசி எழுதுகிறவருக்கோ எந்தப் பாதுகாப்பும் தேறாது.

வாயால் சொன்னதற்கும் எழுதியதற்கும் சட்டத்தில் வேறுபாடு இருப்பதும் நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில், ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி வாயால் பழி சொன்னால், 1891ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று அவளுக்குப் பண நட்டம் காட்டாமலே வழக்குத் தொடுக்கும் உரிமை தந்திருந்தது. 2013 சட்டம் அதை நீக்கிவிட்டது. இப்போது அப்படிப்பட்ட வாய்ச்சொல்லுக்குக் குறிப்பான நட்டத்தைக் காட்ட வேண்டும். காலத்துக்கு ஒவ்வாத சட்டம் என்றுதான் அதை எடுத்தார்கள், ஆண் பெண் வேறுபாடு காட்டிய சட்டம் என்பதும் உண்மை. ஆனால் நம் சமூகத்தில் அந்தப் பழி இன்றும் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குலைக்கிறது. சட்டம் கைவிட்ட இடத்தில் உங்கள் குரல்தான் அவளுக்கு மிச்சம். மண்டபத்தில் அந்தப் பேச்சு எழும்போது "இப்படிப் பேசாதே" என்று நீங்கள் சொல்லலாம். அதற்கு எந்தப் பிரிவும் தேவையில்லை.

கடைசியாக, மிக முக்கியமான விஷயம். வீட்டில் அடி வாங்கிய பெண் அதை வெளியே சொல்லும்போது வரும் வழக்கறிஞர் கடிதங்கள்.

2012 டிசம்பரில் இங்கிலாந்தில் ஒரு பெண் தன் முன்னாள் கணவரின் புதிய துணைவியோடு ஃபேஸ்புக்கில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் தன் கழுத்தை நெரிக்க முயன்றார் என்று ஒரு வரி எழுதினார். 2003இல் நடந்ததைப் பற்றியது அது. அன்று வந்த போலீசார், இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும், அந்தப் பெண்ணின் கழுத்தில் சிவந்த தடங்களைப் பார்த்திருந்தனர். கணவர் வழக்குப் போட்டார். முதல் நீதிபதி அகராதியைப் பார்த்து, அந்த வரிக்குக் கொலை செய்ய முயன்றார் என்றே பொருள் என்று முடிவு செய்தார். அவர் கழுத்தைப் பிடித்திருக்கிறார், ஆனால் கொல்ல நினைக்கவில்லை. ஆகவே அந்த வரி உண்மையல்ல என்று பெண்ணுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் அந்தப் பெண் தோற்றார். 2019 ஏப்ரல் 3 அன்று கெர் பிரபு எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. ஃபேஸ்புக்கில் ஓடுகிற கண்ணோடு படிக்கும் சாதாரண மனிதர் அகராதி வைத்துப் படிப்பதில்லை, அவர் தன் கழுத்தை இறுக்கிப் பிடித்தார் என்றுதான் புரிந்துகொள்வார் என்றது. ஒரு வரிக்காக அந்தப் பெண் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அலைந்தார். அவதூறு வழக்குக்கு இங்கிலாந்தில் பொதுவாக அரசுச் சட்ட உதவியும் கிடைப்பதில்லை. வென்றவரையே இந்த வழக்கு இந்த அளவுக்கு உலுக்கியது என்றால், வீட்டு வாடகை கட்டப் போராடும் ஒரு தனித் தாய்க்கு வழக்கறிஞரின் கடிதத்தலைப்பே போதும், வாயை மூடிக்கொள்வாள்.

அந்தப் பெண் எழுதியது 2013 சட்டத்துக்கு முன்பு. இன்று அதே வரி எழுதப்பட்டால், ஏற்கெனவே நடந்ததை அறிந்த நண்பர்கள் மட்டும் படித்திருந்தால், கடுமையான பாதிப்பு எங்கே என்று கேட்க வழி உண்டு. மிரட்டல் கடிதம் வந்த பெண் உங்களிடம் ஓடி வரும்போது நீங்கள் அவளுக்குச் சொல்ல வேண்டியதும் அதுதான்: பயந்து உடனே எதிலும் கையெழுத்துப் போடாதே, உண்மை ஒரு முழுமையான தற்காப்பு, பாதிப்பை மெய்ப்பிக்க வேண்டியது அவர்கள். மிரட்டல் அனுப்பச் சொல்லி வரும் மகனிடமும் நேராகக் கேளுங்கள், அவள் சொன்னது நடந்ததா இல்லையா என்று. நடந்திருந்தால் வழக்குக்கு வேலையில்லை. உங்கள் பெயரை அதில் சாட்சியாகச் சேர்க்கவும் விடாதீர்கள்.

பொய்ப் பழி சுமந்தவர்களும் இருக்கிறார்கள், ஆண்களும் பெண்களும். அவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. ஆனால் காலம் குறுகியது. இங்கிலாந்தில் வெளியான நாளிலிருந்து ஒரு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், பேசித் தீர்ப்போம் என்று காத்திருப்பதால் அந்தக் காலம் தானாக நீளாது. யாராவது உங்களிடம் வந்தால், முதல் வேலையாகச் செய்தி வந்த தேதியையும் நேரத்தையும் குழுவில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்பதையும் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு எழுதியவர் எங்கே குடியிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். படித்தவர்களில் யாருடைய நடத்தை அதன் பிறகு மாறியது என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள் வெறுமையாக இருந்தால், பதிவை நீக்கச் சொல்வதும் மன்னிப்புக் கேட்க வைப்பதும் உங்கள் வேலை. நிறைந்திருந்தால் நல்ல வழக்கறிஞரிடம் அனுப்புங்கள்.

இன்னொரு வேண்டுகோள். பிள்ளைகள் தொடர்பான குடும்ப நீதிமன்ற ஆவணங்களைப் படமெடுத்து உறவுக் குழுக்களில் பகிர்வோர் உண்டு, தங்கள் பக்கம் நியாயம் இருப்பதைக் காட்ட. மூடிய அறையில் நடக்கும் அந்த வழக்குகளின் விவரங்களை இப்படி வெளியிடுவது நீதிமன்ற அவமதிப்பாகலாம், அவதூறு வழக்கைவிடப் பெரிய வம்பு அது. உங்கள் குழுக்களில் அப்படி ஏதாவது கிடந்தால் போட்டவரை அழைத்து இன்றே நீக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் முழுப் பெயரும் பிறந்த தேதியும் பள்ளிக்கூடமும் அந்தத் தாள்களில் இருக்கக்கூடும்.